தாவிக் குதித்த குவளை

நான் வேலை பார்த்த புத்தக நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கான பாட்டுப் புத்தகத்தில் வரி எவ்வளவு நீளம் இருக்கலாம், எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் என்பதையெல்லாம் சொல்லித்தர இப்போது உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் ஒரு வகுப்பறையில், பதினாலு பிள்ளைகள் முன்னால், வாயால் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஹைதராபாத்துக்கு நான் வந்தது கணவரின் வேலைக்காக. அவருக்கு மாதாப்பூர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எனக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடம் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். இந்த ஊரில் என் தமிழுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். ஆனால் அமீர்பேட்டில், ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் மேல்மாடியில், பள்ளிகளுக்குப் புத்தகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று ஐந்து மொழிகளில் வேலை செய்துகொண்டிருந்தது. தமிழுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். வகுப்புக்குக் காத்திருக்கும் பையன்களும் பெண்களும் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்க, அவர்களை விலக்கிக்கொண்டு மேலே போனேன். அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அலுவலகத்தில் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் திட்ட மேலாளர் விஜயவாடாக்காரர். தமிழ் பேசினால் பாதி புரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் எழுதுவதைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. அதை ஒரு சௌகரியம் என்று அப்போது நினைத்தேன். உங்களுக்கு அப்படி ஒரு சௌகரியம் எப்போதாவது வாய்த்தால் அன்றைக்கே பயப்படத் தொடங்குங்கள்.

மூன்றாம் வருடம் ஒரு பெரிய வேலை வந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்வதற்காகப் பாட்டாக அமைந்த படப் புத்தகங்களை ஐந்து மொழிகளிலும் கேட்டிருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம். ஓசை காதைப் பிடித்து இழுக்கும், படம் கண்ணைப் பிடித்து இழுக்கும், நடுவில் பிள்ளை எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. மற்ற மொழிக்காரர்கள் திணறிக்கொண்டிருந்தபோது நான் ஆறே வாரத்தில் பத்துப் புத்தகத்தையும் எழுதி முடித்தேன். முதல் புத்தகம் இப்படித் தொடங்கும்:

படியில் ஒரு தவளை
பக்கத்தில் ஒரு குவளை
தாவிக் குதித்த தவளை
தட்டிவிட்டது குவளை

இதை எழுதிய அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பிழை திருத்தியே காலம் தள்ளியவளுக்குச் சொந்தமாக நாலு வரி கிடைத்தது பெரிய விஷயம். பின்னால் நடந்ததில் பாதிக்கு அந்தச் சந்தோஷம்தான் காரணம்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு பள்ளியில் நாலு மாதம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. அதற்காகத் தமிழ்நாட்டுக்குப் போக நேரமில்லை என்றார் மேலாளர். செகந்திராபாத் பக்கம் லாலாகுடாவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்காக எப்போதோ ஆரம்பித்தது. தெலுங்கு வழியும் ஆங்கில வழியும் வளர்ந்து, தமிழ் வழி ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு டீச்சர்.

டீச்சரின் தாத்தா அரக்கோணம் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்தவர். டீச்சர் பிறந்து வளர்ந்தது எல்லாம் லாலாகுடா குவார்ட்டர்ஸில்தான். ஐம்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்நேரமும் ஏதாவது ஒரு பிள்ளையின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருப்பார். 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்றும், 'எதற்கு' என்பதற்கு 'கைக்கு' என்றும், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்றும்தான் அவர் வாயில் வரும். நான் போன முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மேடம், இதுங்க வீட்ல தமிழ் கேக்கும். பதில் தெலுங்குல சொல்லும். தெருவுல போனா ஹிந்தி. இந்தப் படத்தப் பாத்தா தவளைன்னு ஒண்ணும் சொல்லாது, தெலுங்குல கப்பன்னுதான் சொல்லும். பரவால்லயா?"

"பரவாயில்லை டீச்சர், பாட்டு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடும்" என்றேன்.

பாட்டு சொல்லிக் கொடுத்தது. வியாழக்கிழமைதோறும் நான் பஸ் பிடித்துப் போவேன். இரண்டாவது வாரமே பிள்ளைகள் தவளை என்றார்கள். ஒரு மாதத்தில் புத்தகத்தை விரித்து, விரலை வரிக்கு அடியில் நகர்த்தி, முழுதாகச் சொன்னார்கள். எல்லாரையும்விட முன்னால் நின்றவள் மஞ்சுளா. அப்பா பட்டறையில் ஃபிட்டர். முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் 'தட்டிவிட்டது' என்னும்போது காற்று வரும். அதற்கு அவளே சிரிப்பாள். நான் உள்ளே நுழைந்ததும் புத்தகத்தோடு ஓடி வருவாள். நான் பையில் கொண்டுபோன நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாரமும் 'சரளமாகப் படிக்கிறார்கள்' என்று எழுதிக்கொண்டேன்.

நாலாம் மாதக் கடைசியில் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் சரி என்றால் மறுவாரமே ஐந்து மொழியும் அச்சுக்குப் போகும். அதற்கு முந்தின நாள், ஒத்திகை மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பள்ளி விட்டு, பிள்ளைகள் போன பிறகு டீச்சர் என்னை உட்காரவைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். இதுங்க படிக்கல. பாடுதுங்க."

"படிக்கிறாங்களே டீச்சர், விரல் வெச்சு?"

"விரல் பாட்டுக்கு விரல் போகுது, வாய் பாட்டுக்கு வாய் போகுது." அலமாரியிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்தார். காலண்டர் அட்டையை வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். முதல் அட்டையை என் கையில் கொடுத்தார். என்னுடைய நாலு வரியேதான். இரண்டு சொல்லை மட்டும் இடம் மாற்றியிருந்தார்.

படியில் ஒரு குவளை
பக்கத்தில் ஒரு தவளை
தாவிக் குதித்த குவளை
தட்டிவிட்டது தவளை

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா, நீங்க சிரிச்சீங்க. படிக்கத் தெரிஞ்சா சிரிக்கும். குவளை எப்படி மேடம் குதிக்கும்? நேத்து பதினாலு பேர்கிட்டயும் இத குடுத்தேன். ஒண்ணுகூட சிரிக்கல. எல்லாம் தாவிக் குதித்த தவளைன்னு பழைய பாட்டயே சொல்லிட்டுப் போய் உக்காந்துடுச்சு."

கோரஸாகச் சொல்லவைத்திருப்பீர்கள், அதனால் மனப்பாடமாகியிருக்கும் என்றேன்.

"ஹவ், சொல்ல வெச்சேன். பாட்டுன்னா கோரஸாத்தான் வரும். நீங்க பாட்டு எழுதிட்டு, பாடக் கூடாதுன்னா எப்படி?" கோபமே இல்லாமல்தான் சொன்னார். "பாட்டு நல்லா இருக்கு மேடம். ரொம்ப நல்லா இருக்கு. அதான் தொந்தரவே. ஒருதடவ கேட்டா ஒட்டிக்குது. அப்புறம் எழுத்தப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல. நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்த பக்கம், இதுமாதிரி மாத்திப் போட்டு ஒண்ணு வெச்சுடுங்க. படம் நக்கோ. பிள்ளை அத எழுத்தப் பாத்துத்தான் சொல்லணும். சிரிச்சா படிச்சுடுச்சுன்னு அர்த்தம். சிரிக்கலன்னா டீச்சருக்குத் தெரிஞ்சுடும்."

நான் இந்தத் தொழிலில் இருந்த இத்தனை வருடத்தில், படிக்கக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி அதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு யோசனையைக் கேட்டதில்லை. அதைச் சொன்னவர் எந்தக் கருத்தரங்குக்கும் போனதில்லை. எங்கள் புத்தகம் எதிலும் அவர் பெயர் இல்லை.

நேராக அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் சொன்னேன். இதுவரை நான் செய்தது சரிதான். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் அச்சுக்குத் தயாராக இருக்கும்போது பத்துப் பக்கம் கூட்டினால் ஐந்து மொழியிலும் கூட்ட வேண்டும், நாளைக்கு அந்த அம்மாள் வருகிறார் என்றார். பிறகு ஒன்று கேட்டார்.

"கோளாறு புத்தகத்திலா, டீச்சர் சொல்லித்தருகிற முறையிலா?"

"டீச்சர் கோரஸாகச் சொல்லவைக்கிறார்" என்றேன்.

"அப்படியானால் அது முறை" என்று சொல்லிவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் காலை, விருந்தாளி வருவதற்கு முன்பே போய் டீச்சரைப் பார்த்தேன். "இன்னைக்கு அந்த அட்டை வேண்டாம் டீச்சர். ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம்."

"கேட்டா சொல்லுவேன் மேடம். கேக்கலன்னா நானா சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்தப் பெண்மணி நல்லவர். காரை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். மேலாளரும், தெலுங்குக்காரரான தலைமையாசிரியரும் சுவரோரம் நாற்காலியில். நான் மொழிபெயர்க்க நடுவில். மஞ்சுளா எழுந்து புத்தகத்தை விரித்து நாலு வரியையும் சொன்னாள். இன்னும் நாலைந்து பேர் சொன்னார்கள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத அந்த அம்மாளுக்கு ஓசை மட்டும் கேட்டிருக்கும். முகம் மலர்ந்துவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்தப் புத்தகங்களில் மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று டீச்சரைக் கேளுங்கள்."

அதை ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன்.

"இருக்கு" என்றார் டீச்சர். அலமாரியைத் திறந்து அட்டையை எடுத்து மஞ்சுளாவின் கையில் கொடுத்தார். "பாத்து, நிதானமா படிம்மா."

மஞ்சுளா அட்டையைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தாள். நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். விரல் 'குவளை' என்ற சொல்லின் மேல் இருந்தது. வாய் 'தவளை' என்றது. நாலு வரியும் அப்படியே. முடித்துவிட்டு, எப்போதும்போல ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இது புத்தகத்தில் இல்லாதது என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. "சரியாகப் படித்தாளா?" என்று கேட்டார்.

அந்த அறையில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். டீச்சரும் நானும். கேள்வி என்னிடம் வந்தது.

"கரெக்ட்" என்றேன்.

டீச்சருக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியும். "மேடம், இன்னொரு தடவ பாருங்க" என்றார் தமிழில்.

"டீச்சர் என்ன சொல்கிறார்?"

"இன்னொரு பிள்ளையையும் படிக்கவைக்கட்டுமா என்று கேட்கிறார்."

அந்த அம்மாள் சிரித்தார். தேவையில்லை, எனக்கு இதுவே போதும் என்று சொல்லிக் கை தட்டினார். மேலாளர் தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள். மஞ்சுளாவும் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். டீச்சர் அவளிடமிருந்து அட்டையை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. யோசித்துப் பொய் சொன்னேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். யோசிக்கவே இல்லை. அது என் பாட்டு. அதைக் குறை சொல்லும் இடத்தில் என் வாய் அதன் பக்கம் பேசிவிட்டது. அவ்வளவுதான்.

புத்தகங்கள் அச்சாகி ஊர் ஊராகப் போயின. எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். பள்ளிகளிலிருந்து கடிதங்கள் வந்தன. பிள்ளைகள் அருமையாகப் பாடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கடிதம், தருமபுரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் எழுதியது, வேறு மாதிரி இருந்தது. ஒரு பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பிழையும் இல்லாமல் படித்தான், இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதைக் கோப்பில் போட்டு மூடினேன். பதில் எழுதவில்லை.

இரண்டாம் பதிப்பு வந்தபோது, டீச்சர் சொன்ன பக்கங்களைச் சேர்க்கலாம் என்று நானே மேலாளரிடம் போனேன். அவருக்கு ஆச்சரியம்.

"மாற்றி எழுதியதையும் அந்தப் பெண் சரியாகப் படித்தாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நீங்கள் எழுதிய சோதனை அறிக்கையில் இருக்கிறதே."

இருந்தது. என் கையெழுத்தோடு இருந்தது. அது பொய் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சும்மா ஒரு யோசனைதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முதல் தடவை சொல்ல ஒரு நொடிதான் ஆயிற்று. இரண்டாம் தடவை அதைக் காப்பாற்றியபோது, அச்சுக்குப் போகும் முன் யோசித்துத் திரும்பிப் போய்ச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு வாரம் இருந்தது. எது பெரிய தப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாம் பதிப்பு, நாலாம் பதிப்பு எல்லாம் அப்படியே வந்தன. நான் ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடை போர்த்தி, அந்த நாலு வரியைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு புத்தகம் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை மாற்றிவிடாது என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். நானும் அப்படித்தான் பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் படிக்கவில்லை என்று தெரிந்த அன்றே அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி பார்த்திருக்க முடியும். சரியாகப் படிக்கிறார்கள் என்று எழுதிவைத்துவிட்டால் யார் வழி பார்ப்பார்கள்? உங்கள் மேஜைக்கு வரும் அறிக்கைகளில் 'சரளமாகப் படிக்கிறார்கள்' என்ற வரியைப் பார்த்தால், எழுதியவர் எதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்று கேளுங்கள். பாட்டு எழுதியவரையே சோதிக்க அனுப்பாதீர்கள். நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மறு வருடம் டீச்சரைத் தேடிப் போனேன். தமிழ் வழி வகுப்பை மூடியிருந்தார்கள். டீச்சர் லாலாகுடாவிலேயே, தம்பி வீட்டு மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வந்து கதவைத் திறந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார். டீ போட்டுக் கொடுத்தார். நான் வந்த விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். அன்று நான் சொன்னது தப்பு, உங்களை அவமானப்படுத்திவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"என்ன எங்க அவமானப்படுத்தினீங்க? எனக்கு ஒண்ணும் ஆகல மேடம். வேல இருந்துச்சு, பென்ஷன் வருது."

"நீங்க அப்பவே அந்த அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர், 'நோ'ன்னு ஒரு வார்த்தை?" கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் கேட்டேன். இத்தனை வருடம் உள்ளே கிடந்தது.

"பிள்ளை சிரிச்சுட்டு நின்னுச்சே. எல்லாரும் கை தட்டுறாங்க. அது மூஞ்சியப் பாத்து, நீ தப்பா படிச்சேன்னு எப்படிச் சொல்றது?" டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட மன்னிப்பு கைக்கு? அந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்ததுங்க இருக்கே, அதுங்ககிட்ட போய்க் கேளுங்க."

"அவங்க பேரெல்லாம் எங்கிட்ட இல்லையே டீச்சர்." உண்மைதான். அறிக்கையில் எண்கள்தான் போட்டிருந்தோம்.

"எங்கிட்ட இருக்கு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் இருந்த வரிசையிலேயே சொல்லத் தொடங்கினார்.

"அந்தோணி. அவன் ஆட்டோ ஓட்டுறான். பாலாஜி. அவனுக்கு வீட்லயே அவங்கம்மா எழுத்து சொல்லிக் குடுத்துட்டா, தப்பிச்சுட்டான். தாவூத். தெரியல, வேற ஊருக்குப் போய்ட்டாங்க. கணேசன். கருணா. ரெண்டும் அண்ணன் தம்பி, ரெண்டாவதுலயே ஸ்கூல விட்டுடுச்சுங்க. முத்து. சாம்சன், ரயில்வேல கலாசியா இருக்கான், ஃபாரம் எழுத இன்னிக்கும் எங்கிட்டதான் வருவான். ஆரோக்கியமேரி."

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மஞ்சுளா" என்றார். "அவள மூணாவதுல தெலுங்கு மீடியத்துக்கு மாத்தினாங்க. அங்க பாட்டு இல்ல. ரெண்டு வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தா. அப்புறம் போகவே இல்ல."

நான் எழுந்துகொண்டேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்" என்றேன்.

டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க மேடம்" என்றார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன்.